பழைய கயாக் வாங்கப் போகிறவர்கள் பணம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

பகாவ், ஜெம்புல் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பலர் இப்போது கடலில் தூண்டில் போடக் கயாக் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்துப் பழைய கயாக் விற்கும் ஒரு வியாபாரி, அடியில் விரிசல் விட்ட கயாக்கை ஒட்டுப்போட்டு மறைத்து என் தலையில் கட்டிவிட்டார். போன பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் உட்கார்ந்து கடலுக்குப் போகப் போவது ஓர் உயிர் என்று தெரிந்தே அனுப்பினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றிச் செம்பனையும் பால்மரமும்தான். கடல் வேண்டுமென்றால் மேற்கே போர்ட்டிக்சன், கிழக்கே கெராத்தோங், முவாட்சாம் ஷா வழியாகக் குவாலா ரொம்பின். தூண்டில் பிடிப்பவர்களுக்கு ரொம்பின் என்றாலே மயில் மீன்தான், மலாய்க்காரர்கள் இக்கான் லாயாரான் என்பார்களே, அது. தோட்டத்துச் சம்பளத்தில் ஆட்களைச் சேர்த்துப் படகு வாடகை கொடுத்துப் போவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. அதனால் காலால் மிதித்து ஓட்டும் மிதி கயாக் வாங்கி, முதலில் போர்ட்டிக்சனில் தெங்கிரி, தாலாங் மீன்கள் என்று கை பழகிவிட்டு, அப்புறம் ரொம்பின் பக்கம் போகலாம் என்று ஆசைப்படுகிறார்கள். இந்த ஆசை எப்படி வேலை செய்யும் என்று அந்த வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விலை 4,200 வெள்ளி. “அண்ணே, ஒரே ஆளு ஓட்டுனது, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. நாம எல்லாம் ஒரே ஆளுங்க, உங்கள ஏமாத்துவேனா?” என்றார். காணொளி கேட்டேன், அனுப்பினார். சுற்றிச் சுற்றிக் காட்டியதில் ஒரு கீறல்கூட இல்லை. நவம்பர் வந்தால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், அதற்குள் இறக்கினால்தான் இந்த வருசம் மீன் பார்க்கலாம் என்று அவசரப்படுத்தினார். ரொம்பினில் பருவமழைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாது என்பது உண்மைதான். உண்மையை வைத்துத்தான் நெருக்கினார். முழுப் பணமும் ஒரு தனியாள் வங்கிக் கணக்குக்குப் போனது. கயாக் லோரியில் வந்து இறங்கியது, கூடவே ‘அன்பளிப்பாக’ ஒரு உயிர்காப்புச் சட்டை.

கயாக்கைப் போர்ட்டிக்சன் பக்கம் கடலில் இறக்கினேன். அங்கே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் நீரோட்டம் வேகமாக இருக்கும், அதனால் என் மைத்துனனும் தன் கயாக்கில் கூடவே வந்தான். கெம்போங் மீனை உயிரோடு கோத்துவிட்டிருந்தேன். ஒரு நல்ல தெங்கிரி அடித்து இழுத்த இழுப்பில் ரீல் அலறியது. கயாக்கின் மூக்கு மீன் போகிற பக்கம் திரும்ப வேண்டும், திரும்பவில்லை. சேற்றில் நிற்பதுபோல் கனத்துக்கொண்டு நின்றது. “மாமா, பின்பக்கம் அமுங்குது, பாருங்க!” என்று அவன் கத்தினான். மீன் பக்கவாட்டில் ஓடியதும் நானும் அந்தப் பக்கம் சாய்ந்தேன். கயாக்கின் வயிற்றுக்குள் ஏறியிருந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கமே உருண்டது.

கயாக்கில் தண்ணீர் ஏறுவதில் பயங்கரமானது இதுதான். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது. எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும், திரும்ப நிமிர விடாது. பெரிய மீன் பிடிக்கிறவனை மீனும் இழுக்கும், அதனால் ஆபத்து இரட்டிப்பு. தூண்டில் நரம்பை வெட்டிவிட்டேன். மைத்துனன் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தான்.

மணலில் கவிழ்த்துப் பார்த்தோம். மிதி பொருந்தும் குழியைச் சுற்றி அடிப்பக்கத்தில் கறுப்பு ரப்பர் தகடு ஒட்டி, அதன்மேல் மீன் படம் போட்ட ஸ்டிக்கர். நகத்தால் நெம்பியதும் தகடு கழன்றது. அடியில் கறுப்பு சிலிக்கோன் நீளமாக, பட்டையாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே விரல் நீளத்துக்கு விரிசல். இந்தக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அதில் சிலிக்கோன் பிடிக்கவே பிடிக்காது, சாதாரண பசையும் நிற்காது. அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கிப் பற்றவைத்தால்தான் ஓரளவு தாங்கும். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்ததால்தான் தகடும் ஸ்டிக்கரும்.

காணொளியை மறுபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருந்தது வேறு கயாக். பெரும்பாலான நல்ல கயாக்குகளுக்குப் பின்முனையில், வலப்பக்கம், எழுத்தும் எண்ணுமாக ஒரு உடல் எண் பொறித்திருக்கும். காணொளியில் இருந்த எண்ணும் எனக்கு வந்த எண்ணும் வேறு.

அன்பளிப்பாக வந்த அந்த உயிர்காப்புச் சட்டையைத் தண்ணீர் பீப்பாயில் போட்டேன். முதலில் மிதந்தது, கொஞ்ச நேரத்தில் ஊறி அமுங்கியது. தையலைப் பிரித்தால் உள்ளே மெத்தைக்கடைப் பஞ்சுத் துண்டுகள். கடலுக்கு நான் போட்டுப் போனது என் பழைய சட்டை, அதனால் இதை எழுத முடிகிறது.

போன் செய்தால், “கல்லுல இடிச்சிருப்பீங்க அண்ணே” என்றார். உரித்த சிலிக்கோனின் படத்தை அனுப்பினேன். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார். இப்போது பக்கத்துக்கு வேறு பெயர், படங்கள் அதே படங்கள்.

போலீசில் புகார் கொடுத்தேன். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும் மனு போட்டிருக்கிறேன். மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளி வியாபாரம் செய்பவராக இருக்க வேண்டும். வீட்டில் கிடந்த ஒன்றைத் தனியாள் விற்றால் அங்கே எடுபடாது. அதனால் பக்கத்தின் விளம்பரங்கள், மற்ற விற்பனைகள், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் பேச்சு நடக்கும்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போடுமுன், அந்தக் கணக்கின் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீசின் செமாக் மூல் (Semak Mule) தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். இணைய மோசடி என்று உறுதியானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கயாக்கை நேரில் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். இருட்டிய பிறகு போய், மூடியைத் திறந்து டார்ச் விளக்கை உள்ளே விட்டு, வெளியிலிருந்து பாருங்கள். விரிசல் இருந்தால் வெளிச்சம் கோடாகத் தெரியும். தண்ணீர் வடியும் துளைகளைச் சுற்றியும் மிதிக் குழியைச் சுற்றியும் கண்டிப்பாகப் பாருங்கள், அதிகம் உடைவது அங்கேதான். தகடோ ஸ்டிக்கரோ ஒட்டியிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஏரியில் அரை நாள் ஓட்டிக் கரையேறி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

மிதிக் குழியடியில் மீன் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய கயாக்கை அண்மையில் யாராவது வாங்கியிருந்தால், தயவுசெய்து அதைக் கடலில் இறக்காதீர்கள். முதலில் அந்தத் தகட்டைப் பிய்த்துப் பாருங்கள். சிலிக்கோன் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், மனு எப்படிப் போடுவது என்று நான் சொல்கிறேன்.