ஒரு நாள் ஈயப் பாதைச் சுற்று: சேற்றில் ஏறி மாளிகையில் இறங்கினோம்

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். இப்போது வட இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் ஊரில் மகள் வீட்டில் ஆறு மாதமாக இருக்கிறேன். கோட்டை, கடற்கரை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "அப்பா, உங்களுக்கென்றே ஒரு சுற்றுலா கிடைத்திருக்கிறது, பழைய எஸ்டேட் கணக்காம்" என்று மகள் சொன்னாள். ஹெக்ஸ்ஹாம் ஊர்க்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், தன் வேனில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நடத்தும் ஒரு நாள் சுற்று. 18ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஈயச் சுரங்கங்களும் நிலங்களும் ஒரே குடும்பத்தின் கையில் எப்படி நடந்தன என்பதுதான் பொருள். பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஹெக்ஸ்ஹாமில் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆளுக்கு 65 பவுண்ட். சாப்பாடு நம்முடையது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசுக்கு நிறைவான நாள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு ஹெக்ஸ்ஹாம் ரயில் நிலையத்தில் கிளம்பினோம். முதல் இடம் டியூக்ஸ்ஃபீல்ட். டெவில்ஸ் வாட்டர் என்ற சிற்றாற்றின் கரையில், மரங்களுக்கு நடுவே கல் வளைவுகள் நிற்கின்றன. கோயில் இடிபாடோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவை ஈய உருக்காலையின் மிச்சம். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1835 வாக்கில் மூடிய ஆலை, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய ஈய உருக்காலைகளுள் ஒன்று. இன்று அங்கே தண்ணீர் ஓடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இந்த ஆலையை ஏன் சுரங்கத்தில் இருந்து இத்தனை தூரம் தள்ளி ஆற்றங்கரையில் வைத்தார்கள் என்று வழிகாட்டி எங்களையே கேட்டார். துருத்தி ஊதச் சக்கரம் சுழல வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது பாதிப் பதில். மீதிப் பாதி சுமைக்கூலி; சுரங்கத்தில் இருந்து ஆற்றுத்துறைக்குப் போகும் வழியில்தான் ஆலை இருந்தது. தாதுவை மலையில் இருந்து குதிரை முதுகில்தான் இறக்க வேண்டும். உருக்கிய ஈயத்தை மறுபடி குதிரை மேல் ஏற்றி டைன் ஆற்றங்கரையில் இருக்கும் பிளேடனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து, ஈயத்தை நியூகாசிலில் கப்பல் ஏற்றுவார்கள். பாரக் கணக்கு இப்படி: தாதுவை அளக்கும் அலகின் பெயர் பிங். ஒரு பிங் என்றால் எட்டு அந்தர், அதாவது நானூறு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பொதிக்குதிரை இரண்டு அந்தர் சுமக்கும். ஆக ஒரு பிங் தாதுவுக்கு நாலு குதிரை.

குதிரைக்காரர்கள் கம்பெனி ஆட்கள் கிடையாது, பக்கத்து ஊர்களின் சிறு விவசாயிகள். வைக்கோல் அறுக்கும் பருவம் வந்துவிட்டால் அவர்களுக்கு வயல்தான் முதல். குளிர்காலத்தில் பாதை சேறாகிவிடும். சுரங்கத்து வாயிலில் தாது குவிந்து கிடக்கும், ஆலையில் உருக்கத் தாது இருக்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடிதம் மேல் கடிதம் எழுதுகிறவர் ஏஜென்ட், அதாவது முதலாளிக்காக எல்லாவற்றையும் பார்க்கும் நிர்வாகி. இதைக் கேட்டதும் நான் ஒட்டிக்கொண்டேன். வால்பாறையில் மழைக்காலத்தில் சாலை அடைத்துக்கொண்டு லாரி வராமல், பேக்டரியில் தேயிலைப் பெட்டிகள் தேங்கி, ஆபீஸ் போன் ஓயாமல் அடித்த நாட்களைப் பார்த்தவன் நான்.

வேனில் போகும்போது முதலாளிகளின் கதையைச் சொன்னார். நியூகாசில் வணிகர் குடும்பமான பிளாக்கெட்டுகள், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சர் ஜான் ஃபென்விக்கிடம் இருந்து ஹெக்ஸ்ஹாம் நிலங்களையும் வாலிங்டன் எஸ்டேட்டையும் வாங்கினார்கள். அந்த ஃபென்விக் 1697இல் அரசருக்கு எதிரான சதிக்காகத் தலை வெட்டப்பட்டவர். 1728இல் மூன்றாம் சர் வில்லியம் பிளாக்கெட் பெருங்கடனை வைத்துவிட்டுச் செத்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் எலிசபெத்துக்குச் சொத்தை எழுதி, தன் சகோதரி மகன் வால்டர் கால்வர்லியை அவள் கட்டிக்கொள்ள வேண்டும், அவன் பிளாக்கெட் என்ற பெயரையும் ஏற்க வேண்டும் என்று உயிலில் நிபந்தனை வைத்திருந்தார். 1729இல் கல்யாணம் நடந்தது. சர் வால்டர் பிளாக்கெட் 1777இல் இறக்கும் வரை எஸ்டேட்டும் சுரங்கமும் அவர் கையில். 1734 முதல் நியூகாசிலின் பாராளுமன்ற உறுப்பினரும் அவரே. முதலாளி லண்டனுக்குப் போய்விட்டால் ஊரில் எல்லாவற்றையும் பார்த்தது ஏஜென்ட்டுகள்தான். கடைசிக் காலத்துத் தலைமை ஏஜென்ட் ஜான் எராஸ்மஸ் பிளாக்கெட், நாலு முறை நியூகாசில் மேயராக இருந்தவர். டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கு அடுத்த நிலையில் நின்ற அட்மிரல் காலிங்வுட் இவருடைய மருமகன்.

இந்தப் பகுதியை அவர் வேகமாகச் சொன்னார். அவருடைய வட்டாரப் பேச்சும் சேர்ந்துகொண்டது. பின் இருக்கையில் இருந்த எனக்குப் பாதிதான் விழுந்தது. மீதியை அல்லன்ஹெட்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வம்சாவளியை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும். போகிறவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில் டிரைபர்ன் மூரில் ஐந்து நிமிடம் நிறுத்தினார். யாருமில்லாத புல்வெளி மேட்டில் புகைபோக்கிகள் தனியாக நிற்கின்றன. கீழே பள்ளத்தாக்கில் இருந்த உருக்காலையின் புகை, தரையோடு கட்டிய கல் குழாய் வழியாகச் சில கிலோமீட்டர் ஏறி வந்து இங்கே வெளியேறும். இது 19ஆம் நூற்றாண்டு வேலை. அந்தக் குழாய்க்குள் படியும் கரியிலும் ஈயம் இருக்கும் என்பதால், ஆட்களை உள்ளே அனுப்பிச் சுரண்டி எடுத்து மறுபடி உருக்கினார்கள். உள்ளே போனவர்களின் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

அல்லன்ஹெட்ஸில் மதியம். இங்கிலாந்தின் உயரமான கிராமங்களில் ஒன்று, ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஹெக்ஸ்ஹாமை விட்டால் இங்கேதான் முதல் கழிப்பறை. வயதானவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கழிவுக் கல் மேட்டில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிப் பூக்கள் பூத்திருந்தன. ஸ்பிரிங் சாண்ட்வோர்ட் என்று பெயராம். மற்ற பல செடிகள் பிழைக்காத ஈய மண்ணில் இது தழைத்து வளரும்.

இந்தச் சுற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கல் சுவர் ஓரம் எங்கள் எட்டுப் பேரையும் நாலு நாலாகப் பிரித்தார். இரண்டு சுரங்கக் கூட்டாளிக் குழுக்கள். நாம் கூலியாட்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள் என்றார். அந்தக் காலத்துச் சுரங்கத்தில் வேலை அப்படித்தான் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏஜென்ட்டும் குழுவும் இன்ன இடத்தில் வெட்டும் தாதுவுக்கு பிங்குக்கு இத்தனை ஷில்லிங் என்று பேரம் பேசி முடிப்பார்கள். தாது வளமான இடம் என்றால் விலை குறைவு, கடினப் பாறை என்றால் விலை அதிகம். தாதே இல்லாத பாறையில் வழி தோண்டினால் ஃபேதம் என்ற ஆறடி அளவுக்கு இத்தனை என்று கணக்கு. மெழுகுவர்த்தி, வெடிமருந்து, உளி கூராக்கும் செலவு எல்லாம் குழுவின் தலையில். முழுக்கணக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் தீரும். அதுவரை அடுப்பெரிய மாதாமாதம் ஒரு முன்பணம் கொடுப்பார்கள்.

விளையாட்டுக்காக அவர் வைத்த விலை பிங்குக்கு முப்பது ஷில்லிங். அந்தக் காலத்தில் இருபது ஷில்லிங் ஒரு பவுண்ட். எங்கள் குழுவில் ஒரு நர்ஸ், அவர் கணவர், ஒரு கல்லூரி மாணவி, நான். முப்பத்தைந்து கேட்டுப் பார்த்தேன். அவர் கையில் இருந்த கல்லைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் பாறைக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஈயத்தாது, உடைந்த முகங்களில் கண்ணாடி போல மின்னியது. கையில் வாங்கினால் அந்த அளவுக்கு எதிர்பார்க்காத கனம். "இவ்வளவு நல்ல தாது தெரிகிறது, முப்பதுக்கு மேல் எதற்கு?" என்றார். நாங்கள் ஒத்துக்கொண்டோம். பிறகு குழுவுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். நிலத்தடியில் தாது எவ்வளவு கிடைத்தது என்பது அந்தச் சீட்டில். அதை மடித்தபடியே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், சாயங்காலம்தான் பிரிக்கலாம்.

நிலம் எங்கே வருகிறது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போலப் பள்ளத்தாக்கைக் காட்டினார். மலை விளிம்பு வரை சின்னச் சின்னக் கல் வீடுகள், ஒவ்வொன்றோடும் ஒட்டி இரண்டொரு வயல். சுரங்கக்காரனுக்கு ஒரு மாடும் கொஞ்சம் புல் நிலமும் இருந்தால் தாது கிடைக்காத காலத்திலும் ஊரை விட்டுப் போக மாட்டான். தரிசு நிலத்துக்கு வாடகையும் வரும், சுரங்கத்துக்கு ஆளும் நிற்கும். தானிய விலை ஏறிய ஆண்டுகளில் ஏஜென்ட்டே தானியம் வரவழைத்து, கணக்கில் எழுதிக்கொண்டு கொடுத்தார். சுரங்கம் ஒரு பேரேடு, நிலம் இன்னொரு பேரேடு என்று இருந்தாலும் அவற்றை எழுதிய கை ஒன்றுதான்.

பக்கத்து மலைகளிலும் இதே தொழில்தான், பங்குக் கணக்கு மட்டும் வேறு. அல்ஸ்டன் மூர் நிலம் டெர்வென்ட்வாட்டர் பிரபுவுடையது. அரசருக்கு எதிரான 1715 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1716இல் அவர் தலை போயிற்று. 1735இல் நிலங்கள் கிரீனிச்சின் கடற்படை மருத்துவமனைக்குப் போயின. அங்கே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் லண்டன் லெட் கம்பெனி (ஈயக் கம்பெனி) குத்தகைக்கு வெட்டியது. வீர்டேலில் நிலத்தின் சொந்தக்காரர் டர்ஹம் பிஷப். பிளாக்கெட்டுகள் அங்கே குத்தகைதாரர்கள், ஒன்பதில் ஒரு பங்கு தாது பிஷப்புக்கு. ஸ்டான்ஹோப் தேவாலயத்துப் பாதிரியாருக்குத் தனியாகத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு. தரைக்கு வந்த குவியலில் இருந்து இத்தனை பேருக்கு எடுத்து வைத்த பிறகுதான் உருக்காலைக் கணக்கே தொடங்கும்.

கடைசி இடம் வாலிங்டன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். வீட்டுக்குள் சுற்ற ஐம்பது நிமிடம்தான் கிடைத்தது. இந்தச் சுற்றின் பெரிய குறை இதுதான். டிரைபர்னில் நிறுத்தாமல் போனாலும் சரி, காலையில் அரை மணி முன்னால் கிளம்பினாலும் சரி, இந்த இடத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

ஆனாலும் இடங்களை வைத்த வரிசைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். காலையில் இந்த வீட்டைப் பார்த்திருந்தால் அழகான பழைய மாளிகை என்று கடந்திருப்பேன். சேற்றில் நடந்து, தாதைக் கையில் எடுத்து எடை பார்த்த பிறகு, சர் வால்டர் சுவிஸ்-இத்தாலியக் கலைஞர்களைக் கொண்டு செய்வித்த சுண்ணாம்புப் பூவேலைக் கூரையைத் தலை நிமிர்த்திப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. கொடியும் பூமாலையும் வெண்ணெயில் செதுக்கியது போல. புல்வெளியில் நாலு பெரிய கல் விலங்குத் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. லண்டனுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல் வெறுமனே திரும்பக் கூடாது என்று, அடிப்பாரமாக ஏற்றி வந்தவை என்கிறார்கள்.

இன்னொன்றும் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்தது. சர் வால்டர் இறந்ததும் சுரங்கங்கள் ஒரு உறவினருக்கும் வாலிங்டன் டிரெவெல்யன் குடும்பத்துக்கும் பிரிந்தன. 1879இல் அதை அடைந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், 1859இல் மதராஸ் கவர்னராக வந்தவர். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்ததே, அதை உண்டாக்கியவர் அவர்தான். இந்திய அரசின் புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததால் மறு வருஷமே திருப்பி அழைக்கப்பட்டார். அவருடைய பேரன் 1941இல் இந்த எஸ்டேட்டை, பழைய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். வாயிலில் டிக்கெட் தனி, சுற்றுக் கட்டணத்தில் சேராது.

நல்ல பிடிப்புள்ள காலணி, மழைச் சட்டை, கட்டுச்சோறு மூன்றும் கட்டாயம். நான் எடுத்துப்போன எலுமிச்சை சாதத்தை நர்ஸ் தம்பதியும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் டியூக்ஸ்ஃபீல்டில் மெதுவாக நடக்கலாம், அவர் காத்திருப்பார். சின்னக் குழந்தைகளுக்கு இந்த நாள் சரிப்படாது.

கிளம்பும் முன் கார் நிறுத்தும் இடத்தில் வேன் கதவைத் திறந்து, ஒரு மடக்கு மேஜையும் பச்சை அட்டை போட்ட பேரேடும் எடுத்து வைத்தார். வருஷக் கணக்கு நாள். மற்றக் குழுவின் சீட்டைப் பிரித்தால் முப்பத்தொரு பிங். நாற்பத்தாறரை பவுண்ட். முன்பணமும் செலவும் இருபத்து மூன்று போக, மீதி இருபத்து மூன்றரை. நாலு பேரும் கை தட்டிக்கொண்டார்கள். அடுத்த பேரத்தில் அவர்களுக்கு பிங்குக்கு இருபது ஷில்லிங்தான் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதினார்.

எங்கள் சீட்டில் பதினாலு பிங். இருபத்தொரு பவுண்ட். முன்பணம் பதினெட்டு, மெழுகுவர்த்தி இரண்டரை, வெடிமருந்து ஒன்றே முக்கால், உளி கூராக்க முக்கால். நான் வாய்விட்டுக் கூட்டிச் சரிபார்த்தேன், தப்பில்லை. இரண்டு பவுண்ட் நாங்கள் கொடுக்க வேண்டும். "இப்போது என்ன செய்வது?" என்று அந்த மாணவி கேட்டாள். அவர் பேனாவைத் தொட்டு எங்கள் நாலு பெயரையும் எழுதி, இரண்டு பவுண்டை அடுத்த வருஷத்துப் பக்கத்தில் முதல் வரியாக ஏற்றினார். பிறகு பேரேட்டை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார்.

போட்டேன்.