கிரைம் அனாலிசிஸ் டிகிரியா, கிரிமினாலஜியா, டேட்டா சயின்ஸா?

இந்த மூணுல எதை எடுக்கறதுன்னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான். குற்றம் ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாளைக்கு ராத்திரி ரோந்து வண்டிய எந்தத் தெருவுக்கு அனுப்பணும்னு ஒரு அதிகாரிக்கு எழுதிக் குடுக்கணுமா? கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா படிப்பு வேற வேற, முதலாவது கிரிமினாலஜி அதாவது குற்றவியல், ரெண்டாவது கிரைம் அனாலிசிஸ். (ஃபாரன்சிக் சயின்ஸையும் இதோட போட்டு நிறைய பேர் குழப்பிக்கறாங்க, அது லேப் வேலை. அனலிஸ்ட் கையில வர்றது புகார், கால் ரெக்கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், தகவல் குடுக்கறவங்க சொன்னது, இவ்வளவுதான்.)

நான் கிரிமினாலஜி படிச்சிட்டு அப்புறம் அனாலிசிஸ் பக்கம் வந்தவன், அதனால அதுலருந்தே ஆரம்பிக்கறேன். யோசிக்கற விதத்தையே மாத்திடும் அந்தப் படிப்பு. 1979ல கோஹன், ஃபெல்சன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்விய எடுத்தாங்க, அமெரிக்காவுல ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வருமானம் ஏறிக்கிட்டே போச்சு, அப்படியும் திருட்டு ஏன் கூடுச்சு? அவங்க சொன்னது, பகல்ல வீட்டுல ஆள் இல்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, டிவி மாதிரி சாமான்லாம் எடை குறைஞ்சு தூக்கிட்டுப் போக சுலபமாயிடுச்சு, திருடனுக்கு இது போதும். அப்புறம் அமெரிக்காவுல மினியாபோலிஸ் நகரத்துல லாரன்ஸ் ஷெர்மன்ங்கற ஆய்வாளர் குழு பண்ணி 1989ல வெளியிட்ட ஆய்வு, போலீஸுக்கு வந்த ஃபோன் அழைப்புல பாதி வெறும் 3 சதவீத முகவரிகள்லருந்து வந்திருக்கு. இதப் படிச்சவனுக்கு "இது மோசமான ஏரியா"ன்னு பொத்தாம்பொதுவா சொல்ல வாயே வராது. குறை என்னன்னா பல இடத்துல புள்ளியியல் பேருக்கு ஒரு பேப்பர்தான், மத்ததெல்லாம் கட்டுரை. வேலைல உக்காந்த முதல் வாரம் அம்பதாயிரம் வரி எக்செல் ஷீட் வந்தப்ப எனக்கு கை ஓடல, இத நான் நேர்ல பட்டது.

டேட்டா சயின்ஸ் இதுக்கு நேர் எதிர். டேட்டாபேஸ்லருந்து தகவல் எடுக்கற எஸ்க்யூஎல், புரோகிராம் எழுதற பைத்தான், புள்ளியியல் எல்லாம் உறுதியா வரும், போலீஸ் வேலை கிடைக்கலன்னாலும் வேற எங்கயும் போகலாம், அது பெரிய பலம்தான் மறுக்கல. ஆனா குற்ற டேட்டா மத்த டேட்டா மாதிரி இல்ல, இத யாராவது சொல்லிக் குடுக்கணும். இடம் தெரியாத புகார சில சமயம் ஸ்டேஷன் முகவரியிலயே பதிஞ்சிடுவாங்க, மேப் போட்டா ஸ்டேஷன் வாசல்தான் ஊர்லயே பெரிய ஹாட்ஸ்பாட், அதாவது குற்றம் குவியற இடம்னு சிவப்பா எரியும். இன்னொண்ணு நேரம். ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வீட்டப் பூட்டிட்டுப் போய் திங்கக்கிழமை காலைல 6 மணிக்குத் திரும்பி வந்தா பூட்டு உடைஞ்சிருக்குன்னு வைங்க, நடு நேரத்த எடுத்தா சனிக்கிழமை நள்ளிரவு 12 மணின்னு வரும், அப்படி ஒரு நேரத்துல திருட்டு நடந்ததுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்த 60 மணி நேரத்துக்கும் சமமாப் பிரிச்சுப் போட்டு பல கேஸ ஒண்ணா வச்சுப் பாக்கணும், இதுக்கு ஏயோரிஸ்டிக் அனாலிசிஸ்னு பேரு. எல்லாத்த விடப் பெருசு, போலீஸ் டேட்டால இருக்கறது நடந்த குற்றம் இல்ல, பதிவான குற்றம். ஒரே ஏரியாவுக்கு ரோந்து அனுப்பிக்கிட்டே இருந்தா அங்கதான் கேஸ் கூடும், அத வச்சு அடுத்து எங்க குற்றம் நடக்கும்னு கணிக்கற மாடல் மறுபடியும் அங்கயே அனுப்பும். இந்த மாதிரி மென்பொருள 2020ல அமெரிக்காவோட சான்டா குரூஸ் நகரம் தடையே பண்ணிடுச்சு. புரோகிராம சரியா எழுதிட்டோம்னு நிம்மதியா இருக்கறவன் கையில இது கிடைச்சா அடி வாங்கறது தெருவுல நிக்கிற சாதாரண மனுஷன்.

இப்ப கிரைம் அண்ட் இன்டெலிஜென்ஸ் அனாலிசிஸ் டிகிரிக்கு வருவோம். இதுல மத்த ரெண்டுலயும் கிடைக்காத ஒண்ணு இருக்கு, தெரியாதத எப்படிச் சொல்றதுங்கற பயிற்சி. 1951ல அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏல ஷெர்மன் கென்ட்ங்கற (மேல சொன்ன ஷெர்மன் இல்ல, இவர் வேற) அதிகாரியோட குழு, யுகோஸ்லாவியா மேல தாக்குதல் நடக்க "கணிசமான வாய்ப்பு" இருக்குன்னு அறிக்கை எழுதுச்சு. அப்புறம் அவர் தன் ஆளுங்ககிட்டயே அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா ஒருத்தர் நூத்துக்கு எண்பதுங்கறார், இன்னொருத்தர் இருபதுங்கறார்! ஒரே வார்த்தைக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதனாலதான் நல்ல கோர்ஸ்ல தகவல் குடுத்தவர் நம்பகமா, அவர் சொன்ன தகவல் நம்பகமா, இந்த ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போட வைப்பாங்க, ஏன்னா நம்பகமான ஆளும் தப்பாக் கேட்டுட்டு வந்து சொல்லலாம். ஃபோன் தொடர்ப வலையா வரைஞ்சா நடுவுல நிறையக் கோடு இருக்கறவன்தான் தலைவன்னு தோணும், ஆனா தலைவன் பல நேரம் ரெண்டே பேர்கிட்டதான் பேசுவான், நடுவுல இருக்கறவன் சும்மா எடுபிடியா இருப்பான். இதெல்லாம் தப்புப் பண்ணித் திருத்திக்கற இடம் வகுப்பா இருக்கட்டும், வேலைல பண்ணினா சம்பந்தமே இல்லாதவன் வீட்டுக் கதவ தட்டுவாங்க.

ஆனா இந்தப் பேர்ல நடக்கற எல்லா கோர்ஸும் இப்படி இல்லைங்கறதுதான் என் வருத்தம். சிலது ஒரே ஒரு மென்பொருள ஒரு செமஸ்டர் முழுக்க கிளிக் பண்ண வச்சுட்டு சர்டிஃபிகேட் குடுத்துடும், அத வேலைல ஒரு மாசத்துல கத்துக்கலாம். பாடத்திட்டத்த எடுத்துப் பாருங்க, புள்ளியியல் ரெண்டு செமஸ்டராவது இருக்கா, மேப்பிங் இருக்கா, கடைசி வருஷம் ஒரு முடிவெடுக்கற ஆளுக்கு ரெண்டு பக்கத்துல அறிக்கை எழுதி எதிர்க் கேள்விக்கு நின்னு பதில் சொல்ல வைக்கறாங்களா. இருந்தா மூணுல இதத்தான் எடுக்கச் சொல்லுவேன், போலீஸ் இல்லன்னாலும் பேங்க்ல பண மோசடி பிரிவு, சைபர் பாதுகாப்புன்னு இதே திறமைக்கு இடம் இருக்கு. இல்லன்னா டேட்டா சயின்ஸ் எடுத்துட்டு கூடவே கிரிமினாலஜி பேப்பர் எடுங்க, வெறும் கிரிமினாலஜிய மட்டும் நம்பி இந்த வேலைக்கு வராதீங்க.

சேர்றதுக்கு முன்னாடி இன்னும் ஒண்ணு கேட்டுக்கோங்க. இந்த வேலைல குழந்தைங்களுக்கு நடந்த கொடுமைய வரி விடாம படிக்கற நாளும் வரும். அத எப்படித் தாங்கறது, யார்கிட்டப் பேசறதுன்னு அந்தத் துறைல சொல்லிக் குடுக்கறாங்களான்னு நேரா கேளுங்க, எனக்கு யாரும் சொல்லல.