கழுத்தை அறுப்பதா, தலையை ஒரே வெட்டாக எடுப்பதா?

குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து ஓரமாக முப்பது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பல வருடம் பிச்சாத்தி என்ற சிறு கத்தியால் கழுத்தை அறுத்துத்தான் பழக்கம். இப்போது இரண்டு வருடமாக அயனிமரக் கட்டையில் வைத்து, வெட்டோத்தி என்ற கனத்த வெட்டுக்கத்தியால் தலையையே எடுத்துவிடுகிறேன்.

மாறியது ஒரு கிறிஸ்துமஸ் காலையில். அவசரத்தில் ஒரு பெட்டையை அறுத்துக் கடவத்தால் மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், அது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. இமை கொட்டியது. இரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இறைச்சியின் ருசியிலோ இறகு பறிப்பதிலோ இரண்டு முறைக்கும் வித்தியாசம் எதையும் நான் கண்டதில்லை. கழுத்தைத் திருகுவதை இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், முதிர்ந்த சேவலுக்கு என் கைப்பலம் போதவில்லை. மத முறைப்படி அறுப்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. கத்தி கூராக இருக்கவேண்டும் என்பது அவர்கள் முறையிலேயே உண்டு, பழகிய கையில் அது சுத்தமாக நடக்கிறது. நான் சொல்வது என்னைப் போல மாதத்துக்கு இரண்டு கோழி அறுக்கிறவர்களுக்கு.

தலையை எடுத்தால்தான் கோழி அதிகம் துடிக்கிறது என்பார்கள். உண்மைதான். முதல் தடவை பார்த்த என் மாமியார், “அய்யோ மக்களே, அதுக்கு எவ்வளவு நோவும்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் துடிப்பது உடம்பு. சிறகடிக்கவும் காலை உதைக்கவும் தண்டுவடமே போதும், நோவை உணர மூளை வேண்டும். அதனால் கோழிக்கு வலிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தலையைத்தான் பார்க்கவேண்டும்.

நான் பார்த்தேன். தடிக்கு இந்தப் பக்கம் விழுந்த தலையில் அலகு இரண்டு முறை திறந்தது. கோழிக்குக் கீழிமைதான் மேலே ஏறி மூடும். அது ஏறியது, பாதி இறங்கியது, அப்புறம் அசையவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், பத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பத்து நொடியும் நினைவு இருந்ததா? மனிதத் தலைகளை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். 1905-ல் பிரான்சின் ஓர்லியான் நகரில் லாங்கீல் என்ற கைதியைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறியில் வெட்டியபோது, போரியோ என்ற மருத்துவர் விழுந்த தலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு முறை கண் திறந்து தன்னைப் பார்த்தது என்றும், மூன்றாம் முறை அசையவில்லை என்றும், எல்லாம் 25, 30 நொடிக்குள் முடிந்தது என்றும் எழுதிவைத்தார். படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் கருவி எதுவும் இல்லாமல் ஒருவர் கண்ணால் கண்டது அது. நான் அதிகம் நம்புவது 2011-ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு மூளை அலை பதிவு செய்து பார்த்ததை. தலை துண்டானதும் விழிப்போடு தொடர்புள்ள அலைகளின் வலிமை 4 நொடிக்குள் பாதியாகிவிட்டது. 1943-ல் அமெரிக்காவில் சம்மதித்து வந்த இளைஞர்களின் கழுத்தில் பட்டை இறுக்கி, மூளைக்கு இரத்தம் போவதைச் சட்டென்று நிறுத்தினார்கள். அவர்களும் ஏழு நொடி வாக்கில் நினைவிழந்தார்கள். எலியும் மனிதனும் கோழி ஆகாது, சரி. ஆனால் இரத்தம் மொத்தமாக நின்றால் சூடான இரத்தமுள்ள உயிரின் மூளை சில நொடிக்குமேல் தாங்காது என்பதை இரண்டுமே காட்டுகின்றன. வெட்டு விழும் கணத்தில் நோவு இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். அது எத்தனை நொடி நீள்கிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அறுப்பதில் என் கை தோற்றது அங்கேதான். கோழிக்கு மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் இரண்டும் கழுத்தெலும்பை ஒட்டி, தசைக்குள் ஆழமாக ஓடுகின்றன. மேலோட்டமாக அறுத்தால் வெளியே இருக்கும் சிரை மட்டும் அறுபடும். குழாய் ஒன்று தப்பினாலும் அது மூளைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அன்று அந்தப் பெட்டைக்கு நடந்தது இதுதான். தலையை எடுக்கும்போது இந்தப் பிழைக்கு இடமில்லை.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் வெட்டிவிடக் கூடாது. 1945-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தலை வெட்டிய ஒரு சேவல் பதினெட்டு மாதம் உயிரோடு இருந்தது. வெட்டு மிக மேலே விழுந்து, மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு உடம்போடு தங்கிவிட்டதுதான் காரணம். கழுத்தின் நடுப்பகுதியில் வெட்டவேண்டும். வெட்டோத்தி கனமாகவும் கூராகவும் இருக்கவேண்டும். தேங்காய் வெட்ட ஒன்று, கோழிக்கு ஒன்று என்று தனியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் மாலையே தீட்டிவிடுவேன். கோழியின் இரண்டு காலையும் சிறகோடு சேர்த்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தனியாக இருந்தால் அன்று நான் வெட்டுவதில்லை.

ஆடு நான் அறுத்ததே இல்லை, அதற்கு இந்தக் கணக்கை நீட்டமாட்டேன். குளத்து வராலுக்கோ இந்த முறை சரியே இல்லை. தலையைத் துண்டாக்கிச் சட்டியில் போட்ட பிறகும் வரால் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குளிர்ந்த இரத்தமுள்ள உயிர்களின் மூளை உயிர்வளி இல்லாமலும் நெடுநேரம் தாங்கும். மீனுக்கும் பாம்புக்கும் தலையை எடுத்தால் மட்டும் போதாது, மூளையையும் சிதைக்கவேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. எனவே வராலை முதலில் கண்ணுக்குப் பின்னால், உச்சந்தலையில் உலக்கைப் பிடியால் ஓங்கி ஒரே அடி. உடம்பு ஒருமுறை விறைத்துத் தளர்ந்த பிறகுதான் சாம்பல் தொட்டு உரசுகிறேன்.