28 கட்டத்தைக் காட்டி என் தலையில் கட்டிய சர்வர் ப்ராசஸர்

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது வந்தாலும் எடுப்போம். ஃபுல் எச்டியில் எடுத்த காலம் வரை பழைய ஐ5 டெஸ்க்டாப்பே போதுமாக இருந்தது. 4கே கேமரா வந்த பிறகு அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் புது மெஷின் வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறினேன். அங்கே நேர்மையாக வியாபாரம் செய்கிற கடைகள் நிறைய உண்டு, பல வருடமாக வாங்குகிறவன் நான். இந்த முறை நுழைந்த கடை வேறு மாதிரி.

நான் கேட்டது லேப்டாப். இன்டெல் ஐ5 12450எச் போட்டது, 52,000 ரூபாய். கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, எடிட்டிங் பண்றவரு லேப்டாப் வாங்கலாமா? அதுல எட்டு கோர்தான். இங்க பாருங்க, சர்வர் ப்ராசஸர். ஜியான் ஈ5 2680 வி4. பதினாலு கோர், இருபத்தெட்டு த்ரெட். 2016-ல இந்த ப்ராசஸர் மட்டுமே லட்ச ரூபாய்க்கு மேல." (கோர் என்றால் ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்கிற ஒரு பகுதி. த்ரெட் என்றால் கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை, இங்கே கோருக்கு இரண்டு.) லட்ச ரூபாய் என்ற அந்தக் கடைசி வரி பொய் இல்லை. வெளியானபோது இன்டெல் போட்ட பட்டியல் விலை 1,745 டாலர். பெரிய நிறுவனங்கள் சர்வர்களை வைத்திருக்கும் தங்கள் டேட்டா சென்டரில் புதியதை மாட்டும்போது பழையதைக் கழற்றி மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. அது பல கை மாறி நம்ம தெருவுக்கு வருகிறது.

அப்புறம் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். லேப்டாப்பில் கோர் ஒன்றுக்கு 6,500 ரூபாய். இவர் செட் 36,500, அதில் கோர் ஒன்றுக்கு 2,600 சொச்சம். கூடவே 32 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு. மெஷினை ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், த்ரெட்டுக்கு ஒன்று. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன், சரியாக 28. சந்தோஷத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அந்த போட்டோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஏறும்ணே" என்று ஒரு துண்டுச் சீட்டில் "கம்ப்யூட்டர் செட் 1, ரூ.36,500" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ப்ராசஸர் பெயர் இல்லை, பழையதா புதியதா என்று இல்லை. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஊருக்கு வந்து முதல் கல்யாண வேலையை ஏற்றினேன். எங்கள் கேமரா எடுப்பது எச்.265, அதாவது வீடியோவை நன்றாகச் சுருக்கி வைக்கும் முறை. அதிலும் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட், 4:2:2 வகை. டைம்லைனில் வைத்து ஓடவிட்டால் மாப்பிள்ளை தாலி கட்டக் கையைத் தூக்குகிறார், அப்படியே நிற்கிறார். கெட்டிமேளம் மட்டும் ஓடுகிறது. 12 நிமிட ஹைலைட்ஸை முடித்த ஃபைலாக வெளியே எடுக்க 68 நிமிடம் ஆனது. இதற்கிடையே ஸ்லீப் போட்டால் மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மறுபடி எழுப்ப வேண்டும். பெண் வீட்டார் வரவேற்புக்கு முன்னால் வீடியோ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. பாக்கித் தொகையில் 5,000 பிடித்துக்கொண்டார்கள், கேட்க எனக்கு வாயும் இல்லை.

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகளிடம் ஒரு லேப்டாப் இருந்தது. கோவையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். பார்த்தால் அதே ஐ5 12450எச். நான் வேண்டாம் என்று விட்டுவந்த அதே ப்ராசஸர். "மாமா, சும்மா இதுல போட்டுப் பாருங்க" என்றாள். போட்டோம். டைம்லைன் தண்ணீர் மாதிரி ஓடியது. அதே 12 நிமிடம், 14 நிமிடத்தில் வெளியே வந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள்தான் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை என் மெஷினில் இறக்கினாள். ப்ராசஸர் பெயர் வர வேண்டிய இடத்தில் 2680 வி4 என்று வரவில்லை. "ஜெனுவின் இன்டெல் சிபியு 0000, 2.00 ஜிகாஹெர்ட்ஸ்" என்று வந்தது. "மாமா, இது எஞ்சினியரிங் சாம்பிள்" என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு ப்ராசஸர் விற்பனைக்கு வருவதற்கு முன் மதர்போர்டு செய்கிற கம்பெனிகளுக்கெல்லாம் சோதித்துப் பார்க்க இன்டெல் மாதிரிகளை அனுப்பும். அவை இன்டெலின் சொத்து, விற்கக் கூடாது, வாரண்டியும் கிடையாது. வேகம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், சில குறைகளோடும் இருக்கும். கடைக்கு வரும் ஜியானின் மேல்மூடியில் மாடல் பெயரும் 'எஸ்ஆர்' என்று தொடங்கும் குறியீடும் பொறித்திருக்கும். சாம்பிளில் பெயருக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்றும், 'க்யூ' எழுத்தில் தொடங்கும் குறியீடும் இருக்கும். ஆனால் மேலே விசிறி உட்கார்ந்திருக்கும்போது யார் கழற்றிப் பார்க்கிறோம்?

எனக்குச் சட்டென்று அந்த ஸ்டேட்டஸ் போட்டோ ஞாபகம் வந்தது. போனில் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். 28 கட்டத்துக்கு மேலே வலது மூலையில் அதே எழுத்துகள், 0000, 2.00 ஜிகாஹெர்ட்ஸ். டாஸ்க் மேனேஜர் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான்தான் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் அதை ஊருக்கே ஸ்டேட்டஸாக வேறு காட்டியிருக்கிறேன்!

மறுநாள் கடைக்குப் போன் செய்தால், "டெஸ்டிங் வாரண்டி ஏழு நாள்தாண்ணே" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். துண்டுச் சீட்டைத்தான் சொன்னேன். நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எந்த ப்ராசஸர் என்று விற்றார் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. கடைசியில் எனக்கு உதவியது அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். அதில் "2680 வி4" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதைத் திருப்பி அவருக்கே அனுப்பி, 1915-ல் புகார் பதிந்த எண்ணையும் அனுப்பினேன். பணம் தர மாட்டேன், ப்ராசஸரை மாற்றித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். சரி என்று மறுபடி ரயில் ஏறினேன். இந்த முறை மூடியைத் துடைத்து, எஸ்ஆர் குறியீட்டைப் பார்த்து, என் கண் முன்னால் மாட்டச் சொன்னேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அசல் 2680 வி4 மாட்டிய பிறகும் அந்த 12 நிமிட ஹைலைட்ஸ் 52 நிமிடம் எடுத்தது. லேப்டாப்பின் 14 எங்கே, 52 எங்கே!

அக்கா மகளும் நானும் ஒரு ஞாயிறு முழுக்க இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் உழைக்கிற வேலையில், அதாவது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அவள் செய்கிற கட்டட ரெண்டரை (3டி மாதிரியைப் படமாக்கும் வேலை) ப்ராசஸரிலேயே ஓட்டினால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடித்தன. 120 வாட் ஒதுக்கிய 14 கோர் ஒரு பக்கம், 45 வாட் ஒதுக்கிய 8 கோர் மறுபக்கம். ஒரே ஒரு கோரை மட்டும் சோதித்தால் லேப்டாப் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 2016-க்கும் 2022-க்கும் நடுவில் ஒரு கோர் ஒரு நொடியில் செய்கிற வேலையே மாறிப்போயிருக்கிறது. கடைக்காரர் எல்லாக் கோரையும் ஒரே எடை என்று வைத்து வகுத்துக் காட்டினார். பத்து வயதுப் பையன்கள் பதினாலு பேரும் பெரியவர்கள் எட்டுப் பேரும் மூட்டை தூக்குவதை ஆள்கணக்கில் ஒப்பிட்ட மாதிரி. (லேப்டாப்பின் எட்டிலும் நான்குதான் பெரியவர்கள், மீதி நான்கு சின்னக் கோர்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சர்வர் ப்ராசஸர் மட்டமான பொருள் இல்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு தளத்தைத் திறக்கும்போது, ஒவ்வொருவருக்கும் சின்ன வேலையாகப் பிரித்துக் கொடுக்கச் செய்தது அது. எடிட்டிங் டைம்லைன் அப்படிப் பிரியாது. அதைவிட முக்கியம், சுருக்கி வைத்த எச்.265 4:2:2 வீடியோவை விரித்துக் காட்டத் தனி வன்பொருள் இன்டெலின் 11-வது தலைமுறையிலிருந்து லேப்டாப் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. குவிக் சின்க் என்பார்கள். ஈ5 ஜியானில் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, அதனால் அது இல்லை. ஜிடி 730 கார்டுக்கும் எச்.265 தெரியாது. எனவே மொத்தச் சுமையும் அந்தப் பழைய கோர்கள் தலையில்.

மலிவாகத் தெரிந்த மற்ற விஷயங்களும் ஒவ்வொன்றாக வெளுத்தன. 32 ஜிபி ரேம் என்பது ஈசிசி ரெஜிஸ்டர்டு, சர்வருக்கானது, என் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினால் ஆன்கூட ஆகவில்லை. ப்ராசஸர் ஒரே நேரத்தில் நான்கு வழியில் (சேனல்) ரேமோடு பேசும், ஆனால் இவர் போட்டது இரண்டே குச்சி, பாதி வழி சும்மா கிடக்கிறது. அதிகாரப்பூர்வ விண்டோஸ் 11 பட்டியலில் இந்த ஜியான் இல்லை, ஏதோ குறுக்கு வழியில் ஏற்றித் தந்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கரண்ட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், வேலை நடக்கும்போது செட் 190 வாட், லேப்டாப் 70. தினம் 8 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் வித்தியாசம், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய். கரண்ட் போனால் என் யூபிஎஸ் கீச்சென்று கத்துவதற்குள் மெஷின் அணைந்துவிடும். லேப்டாப் அதுபாட்டுக்கு ஓடும், வேகம் மட்டும் குறையும்.

யார் வாங்கலாம் என்றால், வீட்டில் பத்து வெர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுவது) ஓட்டிப் பழகுகிறவர்கள், நிறைய ரேம் மலிவாக வேண்டும் என்பவர்கள், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள். அவர்கள்கூட டாஸ்க் மேனேஜரின் வலது மூலையைப் படித்துவிட்டு, ப்ராசஸர் பெயரும் 'பழையது' என்ற வார்த்தையும் எழுதிய ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். லேப்டாப் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு என்று 7000 வரிசைப் பெயரில் வருவது உள்ளே ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கே கோர். பெயரில் மூன்றாவது எண் 2 என்று இருப்பதுதான் அதற்கு அடையாளம்.

நான் இப்போது 12450எச் லேப்டாப்பே வாங்கிவிட்டேன். ஜியான் செட்டைப் பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் போட்டிருக்கிறேன். தினம் இரண்டு பேராவது போன் செய்து, "அண்ணே, இது ஐ7-க்குச் சமமா?" என்று கேட்கிறார்கள். என்ன வேலைக்கு என்று கேட்டால் வீடியோ எடிட்டிங் என்கிறார்கள். அதற்கு இது ஆகாது என்று சொன்னதும் வைத்துவிடுகிறார்கள்.