ஆவாரம்பூ: பொடியாக வேண்டாம், பூவாக வாங்குங்கள்

காய்ந்த ஆவாரம்பூ வாங்குவதாக இருந்தால் முழுப் பூவாகவே வாங்குங்கள். ஆன்லைனில் வரவழைத்த பாக்கெட் பொடி, மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நிறுத்துத் தரும் பூ, இரண்டையும் வீட்டில் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் கடைப் பூ. 100 கிராம் 60 ரூபாய் கொடுத்தேன். சாக்கைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கடைக்காரப் பெரியவர், "கைய விட்டு அள்ளிப் பாத்துட்டு வாங்கும்மா" என்று அவரே சொல்வார். அப்படிப் பார்க்க விடுவதே பெரிய விஷயம். நிழலில் உலர்த்திய பூ என்றால் இதழ் சுருங்கியிருந்தாலும் மஞ்சள் போயிருக்காது. இதழில் ஓடும் நரம்பு மட்டும் கொஞ்சம் செம்மையாகத் தெரியும். சுள்ளென்ற வெயிலில் போட்டுக் காயவைத்தது வெளிறிப்போய், எடுக்கும்போதே உதிரும். இந்தக் கடையில் பெரும்பாலும் நல்ல பூதான் கிடைக்கிறது. குறை என்றால், காம்பும் இலையும் நிறையக் கலந்திருக்கும், நடுநடுவே காகிதம் மாதிரித் தட்டையான காயும் வரும். முறத்தில் போட்டு ஒரு தடவை புடைத்தால் சரியாகிவிடும்.

இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு கைப்பிடி பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டினால் இளம் பொன்னிறத்தில் இறங்கும். வாசனை லேசுதான். குடித்த பிறகு நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கும். கொஞ்சம் கருப்பட்டி சேர்த்தால் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். இந்தத் துவர்ப்பு பட்டையில் இன்னும் பல மடங்கு. வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டை வந்து இடத்தைப் பிடிக்கும்வரை நம் ஊர்த் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டைக்குத்தான் மவுசு. இலங்கையிலும் இதே பூவைக் காயவைத்து ரணவரா என்று தேநீர் போலக் குடிக்கிறார்கள்.

பாக்கெட் பொடி விஷயத்துக்கு வருகிறேன். பச்சையும் பழுப்புமாக ஒரு தூள். இதில் பூ எவ்வளவு, இலையும் காம்பும் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை லேபிளில்தான். வெறும் 'ஆவாரைப் பொடி' என்று போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆவாரை என்ற பெயரோடு நிலாவாரை இருக்கிறது, பொன்னாவாரை இருக்கிறது. மூன்றும் வேறு வேறு செடி. நிலாவாரை இலை பேதிக்குக் கொடுப்பது. திருநெல்வேலிப் பக்கம் பயிரிட்டு வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். தினமும் தேநீராகக் குடிக்க நினைத்து வாங்குகிறவர் பாக்கெட்டில் அது இருந்தால் வயிறு என்ன ஆவது? சென்னா ஆரிகுலேட்டா என்று தாவரப் பெயரைச் சேர்த்து அச்சடிக்க ஒரு வரி போதும். எந்தப் பாகத்தை அரைத்தது என்பதையும் போட வேண்டும்.

அதே பாக்கெட்டில் 'சர்க்கரை அடியோடு போகும்' என்று எழுதியிருந்தது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் உண்டு. ஆனால் அது ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை எல்லாம் சேர்ந்த மருந்து. வெறும் பூப்பொடி அதற்கு ஈடாகாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் சேர்த்தும் எடுக்க வேண்டாம்.

குளியல் பொடிக்கும் கடைப் பூதான் எடுத்தேன். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு ஆவாரம்பூவையும் போட்டு மிஷினில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வைத்திருக்கிறேன். சலிக்காமல் விட்டால் காம்புத் துணுக்கு உடம்பைக் கீறும். கோடையில் இதைத் தேய்த்துக் குளித்தால் தோல் வறண்டு இழுப்பதில்லை, வியர்வை வாடையும் குறைகிறது. நிறம் கூடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

அந்தக் கடைக்குப் போனால் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் நின்று பொறுக்கிப் பார்க்க இடமிருக்காது. வாங்கி வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள், ஈரம் பட்டால் பூச்சி வைத்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. பொங்கல் காப்புக் கட்ட வேப்பிலை, கூரைப்பூவோடு ஆவாரம்பூவும் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வரும். அப்போது கூடுதலாக இரண்டு கட்டு வாங்கி, பூவை மட்டும் கிள்ளி, வெள்ளைத் துணியில் பரப்பி வீட்டுக்குள்ளேயே உலர்த்திக்கொள்ளலாம். கொஞ்சம் பச்சைப் பூவை எடுத்துவைத்துப் பாசிப்பருப்போடு கூட்டும் வைக்கலாம். ஊர்ப்பக்கம் செடியிலேயே பறிக்கிறவர்கள், வண்டிப் புகை படியும் நெடுஞ்சாலை ஓரத்துச் செடியை மட்டும் விட்டுவிடுங்கள்.