கிளைப் பேராளர் தேர்தல்: அதிக வாக்கா, விருப்ப வரிசையா?

1876-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வட்டாரக் கிளைகள், மூன்றாண்டுப் பதவிக்காலத்துக்குப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்துச் சங்கப் பேரவைக்கு அனுப்புகின்றன. இத்தகைய தேர்தலை இரு முறைகளில் நடத்தலாம்.

அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்பது முதல் முறை. எண்ணுவது எளிது, ஐயத்துக்கும் இடமில்லை. ஆயினும் 100 வாக்குகளில் பேராசிரியர் ஒருவர் 40-உம், தொழிற்சாலை வேதியியலர் இருவர் முறையே 35-உம் 25-உம் பெற்றால், தொழில்துறையினருக்கு வாக்களித்த 60 பேரின் எண்ணம் சிதறிப்போய், பேராசிரியர் வென்றுவிடுகிறார்.

இரண்டாவதான விருப்ப வரிசை முறையில் வாக்காளர்கள் போட்டியாளர்களைத் தம் விருப்பப்படி வரிசைப்படுத்துகிறார்கள். எவரும் பாதிக்கு மேல் பெறாதபோது கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய 25 வாக்குகள் அடுத்த விருப்பத்தின்படி பகிரப்படுகின்றன. அவற்றுள் 20 மற்றத் தொழில்துறையாளருக்குச் சென்றால், அவர் 55 வாக்குகளுடன் வெல்வார். கல்லூரியும் தொழிற்சாலையும் கலந்த கிளைக்கு இதுவே நியாயமானது என்பது என் கருத்து. எண்ணும் பணி கூடும் என்பது உண்மைதான். மின்னணு வாக்குப்பதிவில் அதுவும் பெரிய சுமையன்று.

இருவர் மட்டுமே போட்டியிடும் இடத்தில் இரண்டு முறைகளும் ஒரே முடிவையே தரும். தன்னார்வலர்களை நம்பி இயங்கும் சிறு கிளைகள் அப்போது முதல் முறையையே கைக்கொள்ளலாம்.