66 மஸ்டாங்கில் குரூஸ் கண்ட்ரோல்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

1968 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார் வைத்திருக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "நீங்க போட்ட மாதிரி நானும் குரூஸ் கண்ட்ரோல் போடலாமா?" ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் செட் செய்த வேகத்திலேயே காரை ஓட்டும் சாதனம் அது. அவர் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு மணி நேரம் காருக்கு அடியில் படுத்திருந்துவிட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தேன்.

என்னுடையது 1966 மாடல், 289 வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். அந்த கியர்பாக்ஸுக்கு ஃபோர்டு வைத்த பெயர் குரூஸ்-ஓ-மேட்டிக். அதனால் "அதுல ஏற்கெனவே குரூஸ் இருக்கே" என்று பலர் சொல்வார்கள். இல்லை, அது கியரின் பெயர் மட்டும்தான். டெக்சாஸில் ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோவுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 200 மைல். மகள் அங்கே படிக்கிறாள், மாதம் ஒரு தடவையாவது போவோம். பாதி வழியிலேயே வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். குரூஸ் கண்ட்ரோல் கிட் வாங்கியது அதற்காகத்தான்.

இன்ஜினின் வேக்குவத்தில், அதாவது அது காற்றை உறிஞ்சும் விசையில், இயங்கும் பழைய வகை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். மேட்டில் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவு) திறக்கத் திறக்க வேக்குவம் குறையும். பலம் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். அதனால் சின்ன மோட்டார் கேபிளை இழுக்கும் எலக்ட்ரானிக் கிட். 66-ல் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது, கம்பிதான். ஒரு தகட்டை வளைத்து நானே பிராக்கெட் செய்தேன். மாட்டிய பிறகு, கிட் விட்டதும் த்ராட்டில் முழுசாக மூடுகிறதா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

பின்விளக்கில் எல்இடி பல்பு போட்டிருந்தால் இன்னொன்று. கிட் பிரேக் விளக்கின் இழை வழியாக எர்த் தேடும். எல்இடியில் இழை இல்லாததால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறோம் என்று நினைத்து செட் ஆகாது. ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஆனால் என்னைப் படுத்தி எடுத்தது ஆட்டம். மணிக்கு 65 மைலில் செட் செய்தால் 63-க்கு இறங்கும், உடனே 67-க்குப் பாயும், மறுபடி இறங்கும். பின் சீட்டிலிருந்த மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றார். குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டருக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், அடுத்தவர் பேசினால் கூட்டுவாராம். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் டீட்டருக்கு இந்த யோசனையே வந்தது என்பார்கள். 1958-ல் கிரைஸ்லர் இம்பீரியலில் அது வந்தது. எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்ததோ அதே தொல்லையை அந்தச் சாதனமே கொடுத்தால் எரிச்சல் வராதா?

நியாயமாகச் சொன்னால் கிட் மேல் தப்பில்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன், கிட்டின் கேபிளை த்ராட்டிலோடு இணைக்கும் செயினில் இருந்த தொய்வை எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வேக சிக்னலை ஸ்பீடோமீட்டர் கேபிளின் நடுவில் மாட்டிய சென்சாரிலிருந்து எடுத்திருந்தேன். பழைய கேபிள், உள்ளே காய்ந்துபோய் விட்டுவிட்டுச் சுழன்றது. முள் ஆடுவது எனக்குப் பல வருடமாகப் பழகிப்போன விஷயம். அந்த ஆட்டம்தான் கிட் வழியாக த்ராட்டிலுக்குப் போயிருக்கிறது. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட் தண்டில் எதிரெதிராக இரண்டு காந்தங்களை ஒட்டி, அவை கடப்பதை உணர்ந்து பல்ஸ் அனுப்பும் பிக்கப்பைப் பக்கத்தில் வைத்து, கிட்டின் சுவிட்சுகளை அதற்கேற்ப மாற்றினேன். ஆட்டம் நின்றது.

அடுத்த பயணத்தில், வழியில் கொலம்பஸ் என்ற ஊரைத் தாண்டி ரோடு ஏறி இறங்கும் இடத்தில், காலை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தேன். மேடு ஏற ஏற, யாரும் மிதிக்காமலே பெடல் ஒரு விரற்கடை இறங்கியது. உச்சி தாண்டியதும் அதே நிதானத்தில் மேலே வந்தது. மனைவியும் குனிந்து பார்த்தாள். சான் அன்டோனியோ வரை முழங்கால் ஞாபகமே வரவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் காருக்கு நான் செய்த செலவில் இவ்வளவு சந்தோஷம் கொடுத்தது வேறு எதுவும் இல்லை.

அப்புறம் போன மாதம் டிரைவ்ஷாஃப்ட்டின் மூட்டான யூ-ஜாயின்ட்டை மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். காந்தம் இருக்கிறது, பத்திரம் என்று படித்துப் படித்துச் சொல்லியும் இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து 60-க்குக் கீழே செட் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்துப் பார்த்தால் ஒரு காந்தத்தைக் காணோம், பசைத் தழும்பு மட்டும் இருக்கிறது. பல்ஸ் பாதியாகிவிட்டது, 60-ல் போனால் கிட்டுக்கு 30 என்று தெரிகிறது. 30-க்குக் கீழே அது வேலை செய்யாது.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடையது மேனுவல்; கிளட்சுக்கும் தனி சுவிட்ச் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சை மிதித்ததும் இன்ஜின் அலறும். இந்த அலைச்சல் எதற்கு, காலால் மிதித்தே ஓட்டுங்கள் என்றேன்.

புதுக் காந்தம் வியாழக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிவரக் கிளம்புவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.